கோழிக் கூடைக்குள் களிச் சட்டி

பாப்பா,

நீயும் அம்மாவும் பொன்னேரிப் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறீர்கள். வீட்டில் நான் மட்டும்தான். சாமைக்கு உலை வைத்துவிட்டு, உன் பழைய கெமிஸ்ட்ரி நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்களைப் பிரித்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இருபத்து நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இப்போது மகளுக்குக் கடிதம் எழுதுகிறான் பார் என்று நீ சிரிக்கலாம். நேரில் வாயெடுத்தால் நீ "ஒண்ணும் ஆவாது நைனா" என்பாய். நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். இனி போக இடமில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் இன்னதென்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதியே வைக்கிறேன், ஏனென்று கடைசியில் புரியும். உனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையிலும் ராத்திரியிலும் ஊசி போட்டுக்கொள்கிறாய். திருநின்றவூரில் இருக்கிற மாப்பிள்ளைக்கோ அவருடைய அம்மாவுக்கோ இது தெரியாது. சொல்லக் கூடாது என்று உன் வாயை அடைத்தவன் நான். நீ அல்ல.

போன வாரம் சென்னைக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோமே, அன்றைக்கு நடந்ததை யாரும் கவனிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். மணி இரண்டேகால் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா அரக்கு வேண்டும் என்கிறார், உன் நாத்தனார் மாம்பழ நிறம் என்கிறாள், கடைக்காரப் பையன்கள் மலையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாருக்கும் பசி இல்லை. நீ திடீரென்று எழுந்து, புடவை மாட்டிய பொம்மைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாய். பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து வாய்க்குள் திணித்தாய். ஏசி போட்ட கடை அது, உன் முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு பசி தாங்காது போலக்குது" என்று ஆசையாகத்தான் சிரித்தார். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு கோணலாக இருந்தது. அதே கோணலை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டு அடுப்படியில் உன் அம்மா முகத்தில் பார்த்திருக்கிறேன். போன வாரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் வலது கை ஏன் அப்படி இருக்கிறது என்று நீ கேட்டபோதெல்லாம், கஞ்சி வடிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். அந்தப் பொய்யை அவளும் காப்பாற்றினாள், என் மானத்துக்காக. இன்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரையில் அடங்கவில்லை, ஊசியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றையே குவித்துக்கொண்டிருந்தால் எந்த ஊசியும் போதாது, கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு, முழுக் கோதுமை என்று மாற்றிச் சமையுங்கள், கூடவே கீரையும் பயறும் நிறையச் சேருங்கள், அளவாகச் சாப்பிடுங்கள், முக்கியமாக நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். எனக்கு அதில் கேழ்வரகு என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. மூன்று ஏக்கர் நெல் போடுகிற வீடு. ஆரணியில் உன் பெரியப்பா அரிசி மண்டி வைத்திருக்கிறார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் ஊரே சொம்போடு வரிசையில் நிற்கும், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. அதே கேழ்வரகு தை மாதத்தில் ஒரு வீட்டு அடுப்பில் கொதித்தால் அந்த வீடு நொடித்துப்போன வீடு. இப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

மாவு மில்லுக்கு நான்தான் போவேன். கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வரும்போது கேழ்வரகுப் பையை அரிசி மாவு அரைக்க வந்தவர்களுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு, கடைசி ஆளாக அரைப்பேன். மில்காரர் ஒரு நாள், மாட்டுக்கா என்று கேட்டார். கோயிலில் கூழ் ஊற்ற என்று சொன்னேன். மார்கழி மாதம் அது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரைத்துக் கொடுத்தார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

களி கிண்டக் கற்றுக்கொண்டதும் தொழிற்சாலையில்தான். எங்கள் ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் சூளூர்பேட்டைப் பக்கத்து ஆள். சங்கட்டி என்று அவர்கள் சொல்கிற களி உருண்டையும் கீரைக் குழம்பும் தினமும் கொண்டுவந்து, நடுக் கேன்டீனில் உட்கார்ந்து ஊருக்கே தெரியும்படி சாப்பிடுவார். நான் என் டப்பாவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, திருடிக்கினு வந்த மாதிரி துன்றே?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். என் களியில் ஒரு விள்ளல் எடுத்துப் பார்த்துவிட்டு, மாவைச் சலித்தாயா என்றார். ஆமாம், நான் துணியில் சலித்திருந்தேன். கறுப்பாக இருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வெளுப்பாக வர வேண்டுமென்று சலித்து, தவிட்டை எல்லாம் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நல்லது எதுவோ அது கோழிக்குப் போயிருக்கிறது. சலிக்காதே, தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும், கொஞ்சம் நொய்யைப் போட்டு அது மலர்ந்த பிறகு மாவை நடுவில் குவி, உடனே கிளறாதே, மூடி வைத்து வேகவிட்டுப் பிறகு கட்டையால் கிண்டு, ஈரக் கையில் தொட்டால் ஒட்டக் கூடாது என்று அவர்தான் சொன்னார். அவர் சொன்னபடி கிண்டிய களி வீட்டில் முதல் தடவை வாசனையாக வந்தது. மொச்சையும் பழவேற்காட்டுக் கருவாடும் போட்டு அம்மா குழம்பு வைத்தாள். நீ இரண்டு உருண்டை சாப்பிட்டாய்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். கேழ்வரகுதானே, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று அம்மாவுக்கு மூன்று உருண்டை வைத்தேன். வேளைக்கு ஒரு சொம்பு கூழ் வேறு. ஒரு மாதம் கழித்துப் பரிசோதனை செய்தால் சர்க்கரை குறையவில்லை, கூடியிருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எந்தத் தானியமும் தானியம்தான், மருந்து இல்லை, அளவு உண்டு என்றார். ஆகவே உனக்கும் சொல்கிறேன். உன் கைப்பிடி அளவுக்கு ஒரு உருண்டை. மீதி வயிற்றைக் கீரையாலும் காயாலும் பயறாலும் நிரப்பு.

இனி அம்மாவுக்குக் கை போன அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ பத்தாவது பரீட்சைக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று ஸ்கூலுக்குப் போயிருந்தாய். அம்மா காலையில் ஊசி போட்டு, இரண்டு சோளத் தோசை சாப்பிட்டாள். காலை ஊசி மதியத்துக்கும் வேலை செய்யும், ஒரு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டரைக்குக் களி கிண்டி, உருண்டை பிடித்துச் சட்டியில் மூடி வைத்தேன். தட்டுகூடப் போட்டாகிவிட்டது. வாசலில் வண்டிச் சத்தம். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் வீட்டு ஆட்கள் மூன்று பேர். புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் என்று அழைக்க வந்திருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? களிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அங்கே கோழி மூடுகிற கூடை கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்கி, சட்டியை உள்ளே வைத்து மூடிவிட்டு வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கண்ணா என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரிசியைக் களைந்து போடு என்று கண்ணால் சொன்னேன். அவளும் அரிசியைக் களைந்தாள்.

சோறு வெந்து, சாம்பார் வைத்து, அப்பளம் பொரித்து இலை போட ஒன்றே முக்கால். ஐந்து பேரும் நானும் உட்கார்ந்தோம். அவள் பரிமாறினாள். வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துத்தான் வீட்டுப் பெண் சாப்பிடுவது, அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. முதல் வடிப்பு தீர்ந்துபோனது, தனக்கும் உனக்கும் சேர்த்து இன்னொரு வடிப்பு வைத்தாள். பெரியப்பா தாம்பூலம் போட்டுக்கொண்டு மண்டிக் கதை பேசினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இடையில் அவள் அடுப்படியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி அதுவரைக்கும் என் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன், அவள் முகம் ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தது, வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். அண்ணன் எதிரில் இப்படிப் பெயர் சொல்கிறாளே என்று கோபம்கூட வந்தது. கண்ணை உருட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பாத்திரம் உருளும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வடித்த கஞ்சி முழுக்க அவள் கை மேல். கையை இழுத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெரியவில்லை, கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. பெரியம்மா சட்டென்று ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும், பாப்பா. அதை நான் தட்டிவிட்டேன். "இன்னா அண்ணி, சக்கர வியாதிக்காரிக்கு சக்கரயக் குடுத்து சாவடிக்கப் பாக்கறீங்களா?" என்று கத்தினேன். வீட்டில் இருந்த ஒரே மருந்தை மண்ணில் கொட்டியவன் நான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் என் மடியில் அவள் தலை. அவள் பல் கடித்துக்கொண்டிருந்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தாள். நர்ஸ் அம்மா என்னை நிற்க வைத்துத் திட்டினார். ஊசி போட்டவர்கள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், இறங்கினால் அந்த நிமிஷமே சர்க்கரைதான் கொடுக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் திரும்பியிருக்க மாட்டாள் என்றார். ஸ்கூலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த உன்னிடம் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். பின்பக்கத்தில் கூடையைச் சுற்றிக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. உள்ளே சட்டி மூடினபடி இருந்தது. இரண்டு உருண்டை, காய்ந்து வெடித்து. பத்தடி தூரத்தில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பட்டினியில் விழ வைத்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவள் விரல்கள் மடங்கிப் போன பிறகுதான் நான் நம் வீட்டுச் சமையல்காரன் ஆனேன். நீ கேலி செய்வாயே, நைனா மில்லில் இரும்பு உருட்டுகிறார், வீட்டில் களி உருட்டுகிறார் என்று. அப்படி உருட்டி உருட்டிக் கற்றதை எல்லாம் உனக்குச் சீராகக் கொடுக்கிறேன். ஆறு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், மேலே பேர் எழுதி ஒட்டியிருக்கிறது. கம்பை முதலில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, மிக்சியில் விட்டு விட்டு ஒரு சுற்று சுற்றி, உமியைப் புடைத்து எடு. பிறகு ரவை போல உடைத்து நிதானமாக வேகவை. அடி பிடிக்கிற பிசாசு அது, பக்கத்திலேயே நில். ஆறினதும் மோர் விட்டுச் சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டால் சாயங்காலம் வரை பசிக்காது. வரகையும் சாமையையும் நாலைந்து தண்ணீரில் அரித்துக் கல் போக்கு. ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் விட்டு, கொதித்ததும் தணலைக் குறைத்து மூடிவிடு, பூத்தாற்போல வரும். சாமைக்கு மிளகு ரசமும் முருங்கைக்கீரைப் பொரியலும். வரகை மட்டும் துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் போட்டுக் குழைய விட்டால் மாப்பிள்ளை இரண்டாம் முறை கேட்பார். முழுக் கோதுமையை முந்தின நாளே ஊறப் போட்டு, பாசிப்பயறோடு குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுத் தாளி. மென்று சாப்பிட வேண்டிய சோறு அது, அவசரக்காரர்களுக்கு ஆகாது. சோளத் தோசைக்கு உளுந்தை மறக்காதே. ஒன்றை மட்டும் மனதில் வை. இவையெல்லாம் மெதுவாக ரத்தத்தில் சேருகிற சாப்பாடு, அதனால்தான் உனக்கு நல்லது. அதனாலேயே உடம்பு நடுங்கும்போது இவை கைகொடுக்காது. அந்த நேரத்துக்குச் சர்க்கரைதான். தண்ணீரில் கரைத்துக் குடி, பிறகு சாப்பிடு. ஏழாவது டப்பா ஒன்று சின்னதாக இருக்கும். அதில் வெறும் சர்க்கரை.

உனக்குக் கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார்களே, அந்தக் காகிதத்தை நீ என் கையில் கொடுத்ததும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபத்திரண்டு வயசு. அம்மாவிடமிருந்து வந்ததா, என் பாவத்திலிருந்து வந்ததா என்று கோணல் மாணலாக யோசித்தேன். நீ அழவில்லை. அடுத்த வாரமே ஊசியை நீயே போடப் பழகிக்கொண்டாய். அம்மாவுக்குக் கிண்டுகிற களியில் ஒரு உருண்டை கூட, அவ்வளவுதானே நைனா என்றாய். பெண் பார்க்க வந்த அன்று, அவர்கள் கிளம்பின பிறகு, "அவுருகிட்ட நானே சொல்லிடறேன் நைனா, அப்பால வேணும்னா கட்டிக்கட்டும்" என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கும். வாயை மூடு, ஏற்கெனவே ஜாதகத்தால் இரண்டு வரன் தட்டிப்போயிற்று, இதையும் சொன்னால் உன்னை எவனும் கட்ட மாட்டான் என்றேன். பெற்ற மகளிடம் பேசுகிற பேச்சா அது. நீ எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினாய்.

அவர்கள் கெட்டவர்களாக இருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. நிச்சயதார்த்தத்தன்று அந்த அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊட்ல எல்லாரும் சாப்ட்டப்புறம் நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்டலாம், ஒன்ன தனியா உடமாட்டேன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் எவ்வளவு நல்ல மாமியார் என்று பூரித்துப் போனார்கள். நான் மட்டும் பூரிக்கவில்லை. அந்த அன்புக்கு நீ வேண்டாம் என்று சொல்ல மாட்டாய். அவர் பசியோடு நிற்கும்போது நீ மட்டும் உட்கார மாட்டாய். ஊசியைக் குளியலறையில் ஒளிந்து போட்டுக்கொண்டு, கேழ்வரகு டப்பாவைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணி வரைக்கும் சிரித்த முகமாகப் பரிமாறுவாய். தெரியாதவர்கள் வீட்டில் நீ விழுந்தால், எதற்காக விழுந்தாய் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த நானே சர்க்கரைத் தண்ணீரைத் தட்டிவிட்டவன்.

செவ்வாய்க்கிழமை நான் மண்டபக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதுவும் பொய். திருநின்றவூர் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டி வண்டியில் சென்னை போய் இறங்கி, திருவள்ளூர் வண்டி மாறி, வழி நெடுக எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். பதினொன்றரைக்கு அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். சும்மா வந்தேன் என்றேன். பெண்ணைப் பெற்றவர் சும்மா வருவாரா என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார். ஒரு அறையைத் திறந்து காட்டினார், உனக்காகச் சுண்ணாம்பு அடித்து, புது பீரோ வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டின காகிதத்தைக்கூட உரிக்கவில்லை, நீ வந்து உரிக்க வேண்டுமாம். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். என்னையும் மாப்பிள்ளையின் அப்பாவையும் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். நான் கை கழுவும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டே முக்கால். அந்த அம்மா இன்னும் சாப்பிடவில்லை. அவருக்குப் பக்கத்தில் நீ நிற்பதைப் போலவே எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். கோழைப் பயல் என்று என்னை நானே திட்டிக்கொண்டு சென்னை வந்து சேரும் வரைக்கும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டுவிட்டு, "அன்னிக்கி சட்டிய மறைச்சீங்க. இன்னிக்கி பொண்ணயே கூடை போட்டு மூடிக்கினு கீறீங்க" என்றாள். ஒன்பது வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவள் பேசின முதல் பேச்சு அது. கீரையை ஆய்ந்து முடித்துக் கழுவப் போனாள். எனக்கு அதற்கப்புறம் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

கல்யாணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் வைத்தாகிவிட்டது. உன் பெரியப்பா என்ன சொல்வார், தெருவில் என்ன பேசுவார்கள் என்று ராத்திரியெல்லாம் எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். ஆனால் நீ ஒரு சமையலறையில் யாருமே காரணம் தெரியாமல் விழுந்து கிடப்பதும் கண் முன்னால் வந்து நிற்கிறது. இரண்டு பயத்தில் எது பெரியது என்று பார்த்துவிட்டேன். ஊருக்குப் பயந்து ஒரு தடவை நடந்தாயிற்று, அதற்கு உன் அம்மாவின் கை சாட்சி.

அதனால் இந்தத் தாள்களை நான் உறையில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மோதிர அளவு கொடுக்க வருகிறார். நீ பேச வேண்டாம், நான் பேசினால் உளறுவேன். நீ படித்து, உனக்குச் சம்மதமென்றால், இதை அப்படியே அவர் கையில் கொடு. அன்றைக்கே சொல்ல நினைத்தவள் நீ, இப்போதும் முடிவு உன்னுடையது.

மாப்பிள்ளை, நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் உங்களுக்கும் ஒரு வரி. என் மகள் உங்களை ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான். வசையோ, கோபமோ, அது எனக்கு வர வேண்டியது. நான் பின்பக்கம்தான் இருப்பேன், கூப்பிட்டால் வந்து நிற்கிறேன்.

பாப்பா, அவர் பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் படித்து முடிக்க நேரமாகும், படித்த பிறகு எழுந்துகூடப் போகலாம். நீ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. களிச் சட்டியை அன்றைக்கு நான் கூடத்தில் கொண்டுவந்து எல்லோருக்கும் நடுவில் வைக்கிறேன், பக்கத்தில் கீரைக் குழம்பும் இருக்கும். அவர் இந்தக் கடிதத்தின் எந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, மணி ஒன்றானதும் நீ தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிடு.

உன் நைனா